மேடையில் சொன்ன சாட்சி

ஜூலை 13, சனி

நேற்று மாலைக் கூட்டத்தில் என் கண்ணாடி தொலைந்துவிட்டது. தொலைந்தது என்று எழுதக் கூடாது. விட்டுவிட்டு வந்தேன். விசுவாசத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். மைக் சத்தம் எனக்கு ஆகாது, போவதாகவே இல்லை. என் வீட்டுக்காரி எமிலிதான் எதிர்வீட்டு ஜெமிமாவோடு கிளம்பி நின்றுகொண்டு, துணைக்கு வாங்க என்றாள். கடைசி ஜெப நேரத்தில் பிரசங்கியார், கண்ணில் குறையுள்ள ஒரு சகோதரன் நாலாம் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றார். நான் ஐந்தாம் வரிசை. நாலுக்குப் பக்கம் ஐந்துதானே. எழுந்தேன். எப்படி மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார், தலையில் கை வைத்து ஜெபித்தார், கையைத் தூக்கிக் காட்டி எத்தனை விரல் என்றார். மூன்று என்றேன். மைதானமே எழுந்து அல்லேலூயா சொன்னது.

"சகோதரன் ஞானசிகாமணி" என்று என் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் குறித்தவன் நான். எந்த வீட்டிலும் எனக்குப் பேர் கிடையாது, "கரண்டு ஆள் வந்திருக்கு" என்பார்கள். நேற்று அந்த ஒரு நிமிடம் ஆண்டவர் என்னை மட்டும் பார்த்தார் என்று தோன்றியது. அறுபத்து மூன்று வயதில் கூட்டத்துக்கு நடுவே அழுதுவிட்டேன்.

வீடு வரும்வரை எமிலி ஒன்றும் பேசவில்லை. இன்று மத்தியானம் நெத்திலிக் குழம்பு. முள் வழக்கத்தைவிட அதிகம்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனையின் முடிவில் குருவானவர் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். இரண்டு நிமிடம் என்றார், பன்னிரண்டு நிமிடம் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் ஜெமிமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம், எமிலி சொன்னாள். பாவம் அந்தப் பிள்ளை. முப்பத்திரண்டு வயதுதான். பன்னிரண்டு வயதில் சர்க்கரை வந்தது, அன்றிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று ஊசி. வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். புருஷன் ஆல்வின் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிப்பது என் முறை. மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் இருபத்திரண்டு வருடமாக நான்தான். என் வாசிப்புக்குச் சபையில் ஒரு பேர் உண்டு. நானே எழுதிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கேட்டால் யாரும் சொல்வார்கள்.

ஜூலை 15, திங்கள்

பேனாவில் மை சரியாக இறங்கவில்லை. ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் கொள்கிறது.

ஜூலை 17, புதன்

உளுந்தில் கல் பொறுக்கிக் கொடுத்தேன். நான் எழுந்து வந்த பிறகு எமிலி அதே முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை பொறுக்கினாள். சந்தேகப் பிறவி.

சாயங்காலம், "ஏங்க, வெயிலுக்குன்னு சொல்லி ஒரு கண்ணாடி வாங்கிருவோமா" என்றாள். ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் நம் சபைக் கமிட்டி உறுப்பினர். அவரிடம் போய் நான் எந்த முகத்தோடு நிற்பது? வெயில் ஒன்றும் அவ்வளவு இல்லை என்றேன்.

ஜூலை 18, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைப் பாடம் ஒரு தீர்க்கதரிசியின் அதிகாரம், இருபது வசனம். குரல் பழகுவதற்காக எமிலியை வாசிக்கச் சொல்லி, கேட்டுத் திருப்பிச் சொல்லுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு அடுக்களையில் உட்கார்ந்துகொண்டோம். அவள் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து வாசிக்கிறாள். நீளமான பேர்கள் வந்தால் மூச்சை இழுத்துவிட்டுத் தாண்டுகிறாள். இந்த முப்பத்து நாலு வருடத்தில் அவள் எனக்கு எதையும் வாசித்துக் காட்டியதில்லை. குடும்ப ஜெபத்தில் எப்போதும் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். அவள் குரல் இத்தனை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பில் பால் பொங்கவிட்டு நிற்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

பாடம் வாசித்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. பக்கம் திருப்பும் இடம் மட்டும் தெரியாமல் கொஞ்சம் முன்னாலேயே திருப்பிவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் கடகடவென்று வாசிக்கிறாரே என்று வெளியே வரும்போது நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் எமிலி இருந்த இடம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கும் முழுவதும் மனப்பாடம்.

ஜூலை 24, புதன்

காலையில் எமிலி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் ஜெமிமா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் பால்பாயசம். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வாரேன். நேத்தையோட ஊசிய நிறுத்திட்டேன்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"இருபது வருசம் மாமா. எத்தனை கூட்டத்துல போய் நின்னிருப்பேன். எனக்கு விசுவாசம் பத்தலன்னு உங்களப் பார்த்தப்பறம்தான் புரிஞ்சுது. நீங்க யோசிக்கவே இல்ல பாத்தீங்களா, கண்ணாடியக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ ஜெமிமா" என்றேன்.

"நீங்க டாக்டர்ட்ட கேட்டீங்களா மாமா?"

சிரித்துவைத்தேன். பாயசம் இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு வாய்க்கு மேல் சாப்பிடாமல் மூடிவைத்தேன். எமிலி வந்ததும் ஜெமிமா பாயசம் கொண்டுவந்தாள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 25, வியாழன்

மூன்று தடவை எதிர்வீட்டு வாசல்வரை போனேன். முதல் தடவை அவள் தைத்துக்கொண்டிருந்தாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை ஆல்வின் இருந்தான். மூன்றாம் தடவை அவள் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்படித் தாகம்" என்றேன்.

"சோதனைதான் மாமா. உங்களுக்கும் முதல் ரெண்டு நாள் இப்படிப் பிசாசு போராடுச்சா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தண்ணி நல்லாக் குடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆண்டவர் நினைத்தால் அவளுக்குச் சுகம் கொடுக்க முடியாதா என்ன. என்னால் அது தடைபட வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக எமிலியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன்.

ஜூலை 26, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எழுத முடியவில்லை.

ஜூலை 27, சனி

குளிக்க வீட்டுக்கு வந்தேன். எமிலி அங்கேயே இருக்கிறாள். இதை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். இனி இந்த டைரியிலாவது பொய் இருக்கக் கூடாது.

நேற்று காலை ஆறு மணிக்கு ஆல்வின் கதவைத் தட்டினான். "மாமா, ராத்திரியெல்லாம் வாந்தி எடுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கா. நீங்க வந்து ஜெபிச்சாப் போதும்ங்கா" என்றான். எமிலி, "ஊசி போட்டாளா?" என்று கேட்டாள். "அத நிறுத்தி மூணு நாளாச்சே அத்தை, மாமாவுக்குத் தெரியுமே" என்றான் அவன். எமிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

ஜெமிமா சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. ஓடி வந்தவளைப் போல மூச்சு. அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. என்னைக் கண்டதும் தலைமாட்டில் இருந்த வேதத்தை எடுத்து நீட்டினாள்.

"ஒரு சங்கீதம் வாசிங்க மாமா. ஆண்டவர் சுகமாக்கின கண்ணால வாசிங்க. எனக்கு அது போதும்."

வாங்கிக்கொண்டேன். விரித்தேன். வெள்ளையில் கறுப்பாக எறும்புக் கூட்டம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இருபது சங்கீதமாவது மனப்பாடம். எந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டும் சொல்லியிருக்கலாம். அவளும் ஆமென் சொல்லிக் கண்ணை மூடியிருப்பாள். முதல் வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது.

"ஜெமிமா, எனக்கு இதுல ஒரு எழுத்தும் தெரியல" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக எத்தனை முயன்றும் வராத வார்த்தை. என் சுபாவம் எனக்குத் தெரியும். நான் தோற்றேன் என்று சொல்லிப் பழகாதவன். பிரசங்கியார் கூட்டத்தில் வல்லமை வல்லமை என்று நூறு தடவை சொன்னார். அது மைக்கிலும் ஆரவாரத்திலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நேற்றுக் காலை ஒரு சின்ன அறையில், வாந்தி வாளி பக்கத்தில் இருக்க, அது என் வாயைப் பிடித்துத் திறந்தது.

"பொய் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

"இத்தனை நாளும்தான்ட்டி பொய். விரல் எனக்கு எப்பவுமே தெரியும். அந்தத் தூரம் கண்ணாடி இல்லாமலே தெரியும். கிட்டத்துல எழுத்துதான் தெரியாது. மேடையில அதச் சொல்ல வெக்கமாப் போச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் வெக்கமாப் போச்சு."

"கோயில்ல வாசிச்சீங்களே."

எமிலி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தான் வாசிச்சுக் குடுத்தேன். மனப்பாடமாச் சொன்னாங்க. நானும் தெரிஞ்சுதான் இருந்தேன்ட்டி. என்னையும் மன்னிச்சிரு."

ஜெமிமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்போ ஆண்டவர் உங்களையும் பார்க்கல, என்னையும் பார்க்கலையா" என்றாள்.

கீழே முழங்காலில் விழுந்து, "எனக்குத் தெரியல தாயி. நீ எந்திரிச்சு வண்டியில ஏறு, உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்" என்றேன். ஆல்வின் கையை நீட்டித் தூக்கியபோது அவள் தடுக்கவில்லை. லோடு ஆட்டோவின் பின்னால் பாயை விரித்து, எமிலியின் மடியில் தலையை வைத்துக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டரம்மா சத்தம் போட்டார். "யார் ஊசிய நிறுத்தச் சொன்னது?"

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். நான் என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. மீட்டர் ரீடர்."

அவருக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு எண் சொன்னார். முப்பத்தோரு வருடம் எண் குறித்தவன் நான், அந்த எண்ணைக் குறிக்கக் கை வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் இருந்தேன். ஜெபம் வரவில்லை. அவள் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

பிழைத்துவிட்டாள். சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

இட்லி வாங்கிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆல்வின் என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்து, "மாமா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம். அத்தை மட்டும் வரட்டும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் முறை. பாடம் மனப்பாடம் செய்யவில்லை. குருவானவரிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நானே சபையில் அறிவித்துவிடுகிறேன் என்றார் அவர். வேண்டாம் ஐயா, சாட்சி சொன்ன வாய்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன்.

வாசிப்பு மேசைக்குப் போய் நின்றேன். சாட்சி சொல்லப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் சுகமாகவில்லை, நான் சொன்னது பொய், அதை நம்பி ஒரு சகோதரி சாவின் வாசல்வரை போய் வந்தாள், மாத்திரையையோ ஊசியையோ யாராவது நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்ப எடுங்கள் என்றேன். யாரும் இருமக்கூட இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் மட்டும், "சபைக்கே அவமானம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கண்தான் சரியில்லை, காது நன்றாகக் கேட்கும்.

"இன்னைக்குப் பாடத்த என் மனைவி வாசிப்பா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினேன். எமிலி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும், "என்ட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, சேலையாவது நல்லதா உடுத்திருப்பேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, பதினெட்டு வசனத்தையும் வாசித்தாள். நேரம் ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வெளியே வந்தபோது கையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரே ஒரு பெரியவர் வந்து, "ரத்தக் கொதிப்பு மாத்திரைய நிறுத்திருந்தேன் தம்பி. இன்னைக்குப் போட்டுருதேன்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். அவரும் நிறுத்தியிருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேரோ.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல எமிலி எழுதுகிறாள். டவுன் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேசன். அதுவரைக்கும் போட்டுக்கொள்ளக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். வடை வாங்கிச் சாப்பிட்டோம்.

இனி இது எமிலி நானாக எழுதுகிறது. டாக்டர் வெளிச்சம் அடித்தபோது இவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும், இத்தனை நாள் தெரிஞ்சும் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கலன்னு கேட்டார்கள். நீங்களாகச் சொல்லணும்னு ஜெபம் பண்ணினேன் என்றேன். ஆனால் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பேசியிருந்தால் ஜெமிமா படுத்திருக்க மாட்டாள். அது எனக்கு மனதில் கிடக்கிறது. எமிலி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஜெமிமா வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. இன்று கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரத் துணியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலை ஏழரை மணி. எமிலி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜெமிமா நின்றாள். மெலிந்துபோயிருக்கிறாள், சேலை தோளில் நிற்கவில்லை. கையில் ஊசி மருந்து வைக்கும் டப்பா.

உள்ளே வா என்று சொல்லவும் பயமாக இருந்தது. அவளாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல உள்ள கோவம் போகல மாமா" என்றாள்.

"போக வேண்டாம்மா."

"மூணு நாள். நான் தண்ணி தண்ணின்னு குடிச்சப்பகூட நீங்க சொல்லல."

"சொல்லல."

டப்பாவைத் திறந்தாள், மூடினாள். "ஆஸ்பத்திரில அவங்க போட்டாங்க, தெரியல. வீட்டுக்கு வந்து நானாப் போட வேண்டியிருக்குல்லா. ஊசியக் கையில எடுத்தாலே நான் ஆண்டவர நம்பலன்னு மனசு சொல்லுது. ஒவ்வொரு நாளும் காலையிலயும் சாயந்தரமும் அவரத் தள்ளிவிடுற மாதிரி இருக்கு. நேத்து சாயந்தரம் அரை மணி நேரம் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். வீட்டுக்காரர்ட்ட சொன்னா புரியாது. கோயில் ஐயாட்ட சொன்னா பிரசங்கம் பண்ணுவாங்க. உங்ககிட்டதான் சொல்ல முடியும்னு தோணுச்சு. ஏன்னு தெரியல."

அடுக்களையில் தோசைக் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு நன்றாக ஜெபிக்க வரும். உருக்கமாக, ஏற்ற இறக்கத்தோடு, பத்து நிமிடம்கூட. அது எதுவும் வரவில்லை. "நீ ஊசிய எடு. நான் ஜெபம் பண்ணுதேன்" என்றேன். அவள் மருந்தை ஏற்றி, சேலையை விலக்கி, வயிற்றில் பஞ்சால் துடைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, இந்த மருந்துக்காக ஸ்தோத்திரம். இதக் கண்டுபிடிச்சவங்களுக்காக ஸ்தோத்திரம். இது உம்ம கையில இருந்து வருது. ஜெமிமா இத உம்ம கையில இருந்துதான் வாங்கிக்கிடுதா. நாளைக்குக் காலையிலயும் அவ எந்திரிக்கணும். ஆமென்."

ஆமென் என்று அவளும் சொன்னாள். எமிலி உள்ளேயிருந்து சொன்னாள். ஊசியை எடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டாள் ஜெமிமா. கண் நிறைந்திருந்தது, அழவில்லை. நான்தான் அழுதேன்.

எமிலி தட்டில் ஒரு தோசையை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெமிமா முழுவதும் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சாயந்தரம் ஏழரைக்கு அடுத்த ஊசி. வீட்ல இருப்பீங்களா மாமா?"

இருப்பேன் என்றேன்.